இலக்கணம் சரி, வால்வு மூடியாயிற்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நம் பிள்ளைகள் பேசும் ஆங்கிலம் கெட்டுப்போய்விட்டது என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் இப்பகுதியில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஒரு மாணவன் 'ஹீ டஸிண்ட் நோ' என்பதற்குப் பதிலாக 'ஹீ டோண்ட் நோ' என்று பேசியதைக் கேட்டு அங்கேயே திருத்தினாராம். பெரியவர்கள் எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவர் பிழை தேடும் இடம் வேறு, நான் பிழையைக் கண்டு பயந்த இடம் வேறு.

எங்கள் பட்டறையில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்குக்குத் தமிழ்நாட்டுத் தம்பிகள், வங்காளதேசத்தவர், சீனாக்காரர், மியன்மார் வெல்டர்கள், பிலிப்பினோ ஃபோர்மேன்கள் என்று எல்லாரும் வந்து நிற்பார்கள். பொதுவாக இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். அதுவும் ஆளுக்கு ஒரு ஆங்கிலம். பம்ப் அறையிலிருந்து வாக்கி டாக்கியில் 'வால்வ் க்ளோஸ் ஆல்ரெடி' என்று குரல் வரும். ஆங்கில ஆசிரியர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது: எது, என்ன ஆயிற்று, முடிந்துவிட்டதா இல்லையா. காலம் காட்ட வேண்டிய வேலையை 'ஆல்ரெடி' பார்த்துக்கொண்டது. அந்த வகைப் பேச்சினால் ஒரு விபத்தோ, விபத்தாகியிருக்கக்கூடிய ஒன்றோ நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நினைவில் நிற்பது வேறொன்று. பட்டதாரிப் பொறியாளர் ஒருவர் ஷிஃப்ட் மாறும்போது, அடுத்து வருகிறவருக்கு வேலை நிலவரத்தை எழுதி வைக்கும் ஹேண்டோவர் புத்தகத்தில் 'த வால்வ் ஷுட் பி க்ளோஸ்ட்' என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனார். இலக்கணத்துக்கு நூற்றுக்கு நூறு. மூட வேண்டும் என்று உத்தரவிடுகிறாரா, மூடித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறாரா? ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இரவு ஷிஃப்ட்காரர் மூடியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். வேலை தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுமுன் நான் கீழே இறங்கிப் பார்த்தேன். வால்வு திறந்திருந்தது. அருகில் வெல்டிங் தொடங்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

1978 அக்டோபர் 12ஆம் தேதி ஜூரோங்கில் ஸ்பைரோஸ் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்ட கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டுத் தொழில் பழகியவர்கள் நாங்கள். அங்கே குற்றம் மொழியுடையதன்று. எரிபொருள் தொட்டிக்குள் சேர்ந்திருந்த ஆவியை வெட்டும் டார்ச்சின் நெருப்பு பற்றவைத்தது. ஆனால் அந்தக் கதை மனத்தில் இருப்பவனுக்கு 'ஷுட் பி' என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அந்த வால்வு சம்பவத்துக்குப் பிறகு ஹேண்டோவர் புத்தகத்தில் அந்தச் சொற்களையே எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டேன். 'க்ளோஸ்ட்', பார்த்தவர் பெயர், நேரம், அவ்வளவுதான். பொறியாளர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

விமானத் துறையினருக்கு இது பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, அவசரம், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அமுங்கிப்போன வானொலி அழைப்புகள் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, டச்சுத் துணை விமானி சொன்ன 'வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்' என்ற வாக்கியம். விமானம் அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளரோ, புறப்படுவதற்குத் தயாராக அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். அதன் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்துவது, மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்று சொல்வது என்று கட்டுப்பாடு வந்தது.

அந்தத் துறை இப்போது ஆங்கிலத்தை எப்படி அளக்கிறது என்பதையும் அந்த வாசகர் அறிய வேண்டும். வெளிநாட்டுத் தடங்களில் பறக்கும் விமானிகளுக்கு அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு படிநிலைகள் வைத்திருக்கிறது. நான்காம் படி எட்டினால் போதும். அந்தப் படியில் இலக்கணப் பிழை வரலாம், பொருளைக் குலைப்பது மட்டும் அரிதாக இருக்க வேண்டும். முந்நூறு உயிரைச் சுமந்துகொண்டு சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறவருக்கே அவ்வளவுதான் கேட்கிறார்கள். ரயிலில் நண்பனோடு பேசும் பையனிடம் நாம் ஏன் அதற்கு மேல் கேட்கிறோம்?

அதற்காகப் பிழை என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. நம் தம்பிகளிடம் நான் விடாமல் திருத்திய ஒன்று உண்டு. தமிழில் 'வால்வை மூடாத வரைக்கும் பம்பைப் போடாதே' என்கிறோம். அதையே மனத்தில் வைத்துக்கொண்டு 'அண்டில் யூ டோண்ட் க்ளோஸ் த வால்வ், டோண்ட் ஸ்டார்ட்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'அண்டில் யூ க்ளோஸ்' என்றாலே போதும். வங்காளத்திலும் இதே போக்கு இருப்பதால் வங்காளதேசத் தம்பிக்கு உடனே புரிந்துவிடும். பிலிப்பினோ ஃபோர்மேன் விழிப்பார். அந்த 'டோண்ட்' எதற்கு என்று அவர் யோசிக்கும் நேரத்தில் யாராவது சுவிட்சைப் போட்டுவிடலாம். இதைத் திருத்தினேன். 'ஹீ டோண்ட்', 'ஷீ டோண்ட்' எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அதைத் தவறாகப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது.

நம் வீட்டுக் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். 'வந்துட்டேம்மா' என்று சொல்லிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்தான் இந்தப் பத்திரிகைக்கு 'வந்துவிட்டேன்' என்று எழுதுகிறார். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று நாம் பல தலைமுறையாக வாழ்கிறோம். பள்ளித் தமிழ் வகுப்பிலும் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறோம். தமிழில் இவ்வளவு தாராளமாக இருக்கும் நமக்கு, பிள்ளை காப்பிக்கடையில் ஓர் ஆங்கிலமும் தேர்வில் இன்னோர் ஆங்கிலமும் வைத்துக்கொண்டால் ஏன் பதறுகிறது? மஞ்சள் பூட்ஸ் போட்ட புவா சூ காங் என்ற தொலைக்காட்சி நகைச்சுவைக் குத்தகைக்காரரின் ஆங்கிலத்தை அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 1999 தேசிய தினக் கூட்ட உரையில் குறிப்பிட்டுப் பேசியதும், அடுத்த ஆண்டே நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியதும் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் பட்டறையில் அன்று எல்லாரும் சிரித்தோம், நம் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்கிலீஷில்தான்.

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது நிலைமை வேறு. பிழையுள்ள கடிதத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நியாயமோ இல்லையோ, நடப்பு அது. ஆகவே என் பேத்திக்கு 'ஹேஸ்', 'ஹேவ்' எல்லாம் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் 'வித்', 'ஆஃப்' போன்றவற்றில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று என் காலத்து ஆசிரியர் பிரம்பெடுத்தாரே, அதைச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் தமக்கு முந்திய பென் ஜான்சனைக் குறை சொல்வதற்காக எழுப்பிய ஆட்சேபம் அது. ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பும் அப்படித்தான் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அடி வாங்கியது நாங்கள்.

பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் ஆங்கிலத்தில் அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்கு அனுப்புமுன், அதன்படி வேலை செய்யப்போகும் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள், 'யெஸ் பாஸ்' என்றுதான் பதில் வரும். இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
ஈசூன்