ஃபேண்டம் பவர் போட்டதும் வரும் கீச்சொலி: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இரண்டு மைக் ஆடியோ இன்டர்ஃபேஸில் உள்ள மின்னிரைச்சல், ஃபேண்டம் பவர் குறைபாடு, டிரைவர் தவறு

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் இரண்டு மைக் உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கை யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் பெட்டியை, வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டில் ஒரு சிறிய அறையில் பாட்டும் அகூஸ்டிக் கிட்டாரும் பதிவு செய்கிறேன். வெளி மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்கைச் செருகி, அதற்கு மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் அனுப்பும் ஃபேண்டம் பவரைப் போட்டால், ஒவ்வொரு டேக்கிலும் (ஒவ்வொரு முறை எடுக்கும் பதிவிலும்) மெல்லிய கீச்சொலி ஒன்று சேர்ந்தே விழுகிறது. உங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். எப்படி எழுதினாலும் வருவது ஒரே பதில்: உங்கள் அறையைச் சரிசெய்யுங்கள், சுவரில் ஃபோம் ஒட்டுங்கள். அதனால் இந்த முறை அளந்து பார்த்த விவரங்களோடு உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஃபோம் விஷயம். சுவரில் ஒட்டும் ஃபோம், அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும். அதிலும் மெல்லிய ஃபோம் உயர் அதிர்வெண்களை மட்டும்தான் பிடிக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், நாலு விரல் தடிமன் ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கவும் ஃபோமால் ஆகாது, அதற்குக் கனமான சுவர் வேண்டும். இதெல்லாம் ரெக்கார்டிங் கருவி விற்கும் நிறுவனத்துக்குத் தெரியாத விஷயமா? என் அறையில் பாடுபவருக்குப் பின்னால் தடித்த போர்வைகள் தொங்குகின்றன. கார்டியாய்டு மைக்கின் பின்பக்கம், அதாவது அது குறைவாகக் கேட்கும் பக்கம், கணினியைப் பார்த்து இருக்கிறது. அறையால் வரும் குறைகள் எனக்குப் பழக்கம். இந்தச் சத்தம் அந்த வகையில் சேராது.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை செய்தேன். மைக் கேபிளில் வரும் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் பிளக் ஒன்றைப் பிரித்து, அதன் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவில் 150 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தேன். மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலை அளக்க வழக்கமாகச் செய்வது இதுதான். உங்கள் விவரப் பட்டியலில் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 டிபியு (மின்னழுத்த அளவைக் குறிக்கும் டெசிபெல் அலகு) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அதுவும் 150 ஓம் வைத்து அளந்ததுதான் என்று அதன் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. அந்தப் பிளக்கை முதல் சேனலில் செருகினேன். மின்விசிறிச் சத்தமோ தெருவில் போகும் வண்டியோ சுவரில் மோதித் திரும்பும் குரலோ ஒரு மின்தடைக்குள் நுழைய வழியே இல்லை. அப்புறம் என் கண்டென்சர் மைக்கை இரண்டாம் சேனலில் செருகி, அந்தச் சேனலின் கெயினை (பெருக்க அளவை) அடியோடு இறக்கிவிட்டு, முதல் சேனலை மட்டும் 50 டெசிபெல் கெயினில் பதிவு செய்தேன்.

ஃபேண்டம் பவர் அணைந்திருக்கும்போது பதிவில் இருப்பது சீரான, மென்மையான இரைச்சல் மட்டுமே. அதன் அளவு மைனஸ் 86 டெசிபெல் (பூஜ்யம்தான் உச்சம், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு). இந்த அளவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, உங்கள் ப்ரீஆம்ப் நல்ல ப்ரீஆம்ப்தான். ஃபேண்டம் பவர் பொத்தானை அழுத்தியதும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தில் 1000 ஹெர்ட்ஸில் ஒரு முள் எழும்புகிறது, மைனஸ் 70 டெசிபெல் உயரத்துக்கு. கூடவே 2000, 3000, 4000 என்று வரிசையாக முட்கள். 8000-இல் உள்ளது மற்றவற்றைவிட உயரம். இரண்டாம் சேனலில் உள்ள மைக்கை மட்டும் கழற்றினால், பொத்தான் எரிந்துகொண்டிருக்கும்போதே எல்லா முட்களும் பாதிக்கு மேல் அமிழ்ந்துவிடுகின்றன. திரும்பச் செருகினால் திரும்ப வருகின்றன.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யுஎஸ்பியில் தரவு மில்லிவிநாடிக்கு ஒரு சட்டகம் என்று போகிறது, அதாவது விநாடிக்கு 1000. ஹை ஸ்பீடு முறையில் ஒவ்வொரு சட்டகமும் 125 மைக்ரோவிநாடி கொண்ட எட்டுத் துண்டுகளாகப் பிரியும், அது விநாடிக்கு 8000. கருவி இழுக்கும் மின்னோட்டம் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. 5 வோல்ட்டை 48 வோல்ட்டாக உயர்த்தும் சுற்றில் வடிகட்டல் போதவில்லை என்றால், அந்த ஏற்ற இறக்கம் நேராக மைக் உள்ளீட்டுக்கு வந்துவிடும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டியும் பார்த்தேன், முட்கள் அப்படியே நின்றன. ஆகவே, "எர்த் சரியில்லாமல் இருக்கலாம்" என்று உங்கள் சேவைப் பிரிவு ஒருமுறை சொன்னதும் பொருந்தாது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், வேறொரு கணினியிலும் செருகிப் பார்த்தேன். மாற்றமே இல்லை.

வோல்ட்டேஜையும் அளந்தேன். இரண்டாம் சேனலில் ஒரே ஒரு மைக் வேலை செய்யும்போது, முதல் சேனலின் காலிச் சாக்கெட்டில் 1-ஆம் பின்னுக்கும் 2-ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் காட்டுவது 41 வோல்ட். ஃபேண்டம் பவருக்கான சர்வதேச வரையறை 48 வோல்ட், 4 கூடலாம், 4 குறையலாம். 44-க்குக் கீழே போனால் அது வரையறைக்கு வெளியே. ஒரு மைக்குக்கே இப்படி என்றால், பெட்டியின் மேல் நீங்கள் படம் போட்டிருப்பதுபோல் இரண்டு கண்டென்சர் மைக்கையும் சேர்த்துப் போட்டால் என்ன மிஞ்சும்? வோல்ட்டேஜ் இறங்கினால் சில மைக்குகள் உரத்த குரலைத் தாங்காமல் உடைந்து ஒலிக்கும். என் பாடகர் உச்சஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கரகரப்பு வந்தது. கெயின் சிவப்பைத் தொடாதபோதும் வந்தது. அவர் தன் குரல்தான் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், மொத்தம் 2.5 வாட். அதற்குள் ப்ரீஆம்ப், கன்வெர்ட்டர், ஹெட்ஃபோன் ஆம்ப், இரண்டு மைக்குக்கு 48 வோல்ட் என்று எல்லாம் அடங்க வேண்டும். சிரமமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை. உங்களால் முடியவில்லை என்றால் தனி அடாப்டருக்கு ஒரு சாக்கெட் வைத்திருக்கலாம். குறைந்தபட்சம், ஒரு சேனலுக்கு எத்தனை மில்லிஆம்பியர் தர முடியும் என்று விவரப் பட்டியலில் எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் இதை வாங்கியே இருக்க மாட்டேன்.

இவ்வளவு சின்னச் சத்தத்துக்கா இத்தனை நீளக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். பதிவு செய்யும்போது ஹெட்ஃபோனில் அது காதில் விழாமல்கூடப் போகலாம். மிக்ஸ் செய்ய உட்காரும்போதுதான் ஆள் யார் என்று காட்டும். மெதுவாகப் பாடிய வரியை, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரெசரில் போட்டு 10 டெசிபெல் தூக்கினால், கீச்சொலியும் அதே 10 டெசிபெல் ஏறும். கோரஸுக்காக எட்டுக் குரல் அடுக்கினால் இன்னும் ஏறக்குறைய 9 டெசிபெல் கூடும். குறைந்த ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: இடைவெளியில் மறைந்து, பாடகர் வாயைத் திறக்கும்போது கூடவே திறக்கும். அப்படி வந்து வந்து போகும் சத்தத்தைக் காது உடனே பிடித்துவிடும். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 1000-ஐயும் அதன் மடங்குகளையும் வெட்டலாமென்றால், 2000 முதல் 4000 வரை உள்ள பகுதியில்தான் பாட்டின் சொல் தெளிவு இருக்கிறது. மூச்சு மட்டும் கேட்கும் ஒரு தொடக்கம், பல்லவிக்கு முன் ஒரு நிசப்தம், இவற்றையெல்லாம் இந்தக் கருவியில் எடுக்கவே முடியவில்லை. எடுத்தவற்றைத் திரும்பப் பாடச் சொல்லவும் மனம் வரவில்லை, அந்த உணர்ச்சி மறுபடி அப்படியே வராது.

இன்னொரு குறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸில், கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால், போய்வரும் தாமதம் 7 மில்லிவிநாடி என்று கருவியைக் கணினியோடு பேசவைக்கும் உங்கள் டிரைவர் ரெக்கார்டிங் மென்பொருளிடம் சொல்கிறது. வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைப் போட்டு, ஒரு கிளிக்கை அனுப்பித் திரும்பப் பதிவு செய்து பார்த்தால் உண்மையான தாமதம் 14 மில்லிவிநாடி. மென்பொருள் டிரைவரை நம்பித்தான் டிராக்கை முன்னே நகர்த்துகிறது. ஆகவே மேலே பாடிப் பதிவு செய்யும் ஒவ்வொன்றும் 7 மில்லிவிநாடி பின்தங்கி உட்காருகிறது. தாளத்தோடு இறுக்கமாக வாசிக்கும் கிட்டாரில் அது நன்றாகவே தெரிகிறது. கையால் திருத்தலாம்தான், ஆனால் பஃபரை மாற்றினால் வித்தியாசமும் மாறுகிறது. இது டிரைவரில் திருத்தக்கூடிய தவறு. அடுத்த அப்டேட்டில் திருத்துங்கள்.

நான் கேட்பது இவைதான். இந்தக் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். இதே மாடலில் வேறொன்றை அனுப்பி வைக்க வேண்டாம். ஒரு மைக்குக்கே 41 வோல்ட்டில் நிற்கும் வடிவமைப்பில் பெட்டியை மாற்றுவதால் என்ன பயன்? திருத்திய வடிவம் ஏதேனும் தயாராக இருந்தால், இரண்டு கண்டென்சர் மைக் செருகிய நிலையில் எடுத்த இரைச்சல் அளவையும் வோல்ட்டேஜையும் முதலில் அனுப்புங்கள்; பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன். விவரப் பட்டியலில் ஃபேண்டம் பவரின் மின்னோட்ட எல்லையைச் சேருங்கள். மைனஸ் 128 என்ற எண் ஃபேண்டம் பவர் அணைந்த நிலையில் எடுத்தது என்றால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இந்தப் புகாரை ஃபோம் ஒட்டச் சொல்லும் அதே பதிலுக்கு அனுப்பிவிடாமல், மின்சுற்று தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள். அவர் என்ன சோதனை செய்யச் சொன்னாலும் செய்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இத்துடன் ஃபேண்டம் பவர் அணைந்த நிலையிலும் எரியும் நிலையிலும் எடுத்த 24 பிட் பதிவுகள், இரண்டின் ஸ்பெக்ட்ரம் படங்கள், மல்டிமீட்டர் புகைப்படம், கிளிக் சோதனையின் கோப்பு, வாங்கிய ரசீதின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்துமூலம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்