தாழ்த்திய காரின் பின்பக்கம் குறித்து முரளிக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. காரின் பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றப்போவதாகவும், 20 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கா 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். இதே கேள்வியோடு நான் இரண்டு ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். உனக்கும் எனக்கும் ஒரே மாடல் கார் என்பதால், நான் அளந்ததையும் கெடுத்ததையும் திருத்தியதையும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு அளவை எடுத்துவிடு. கார் சமதளத்தில் நிற்கும்போது, பின்பக்க டேம்பரின் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரின்) தண்டு, சக்கரத்தின் ஏற்றத்துக்கு எல்லை கட்டும் நுரை ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் சக்கரம் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மேலே எழ முடியும் என்பதே அந்த அளவு. என் காரில் தாழ்த்துவதற்கு முன் 60 இருந்தது. ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு, டேம்பர் எந்த வகை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. நான் அதை அளக்காமல் ஸ்பிரிங்கின் பெட்டியில் எழுதியிருந்ததை மட்டும் பார்த்து வாங்கினேன்.

கணக்கு எளியதுதான். நம் காரில் பின்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தாங்கும் எடை சுமார் 300 கிலோ. பழைய ஸ்பிரிங்கின் விறைப்பைச் சக்கரத்தில் அளந்தால் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், சக்கரம் ஒரு மில்லிமீட்டர் எழ 20 நியூட்டன் விசை வேண்டும் என்று பொருள். அதாவது பின்பக்கம் வினாடிக்கு 1.3 முறை ஆடும் இயல்புடையது. மீதமிருந்த 60 மில்லிமீட்டரில் அது 1200 நியூட்டன் கூடுதல் விசையை வாங்கிக்கொண்டது. 35 தாழ்த்தினால் மீதம் 25தான். அதே 1200 நியூட்டனை 25 மில்லிமீட்டருக்குள் வாங்க வேண்டுமென்றால் விறைப்பு 48 ஆக உயர வேண்டும். அதிர்வெண் 2 ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 2 ஆட்டத்தைத் தொட்டுவிடும். அது பந்தயத் தடத்துக்குப் பொருந்தும், தினமும் ஓட்டும் சாலையில் முதுகுத்தண்டு தாங்காது. 20 மட்டும் தாழ்த்தினால் மீதம் 40. அப்போது 30 நியூட்டன் போதும், அதிர்வெண் 1.6. என் கருத்தில் உன் காருக்கு அதுவே எல்லை.

இந்த 30 என்பது சக்கரத்தில் வேண்டிய விறைப்பு, கடையில் கேட்க வேண்டிய எண் அல்ல என்பதை மறந்துவிடாதே. நம் காரில் பின் ஸ்பிரிங் டேம்பரோடு சேராமல், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் எழும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் சுருங்குகிறது. ஆகவே 0.7-ஐ அதனாலேயே பெருக்கி வரும் 0.49-ஆல் வகுக்க வேண்டும்: 61 நியூட்டன், பழைய வழக்கப்படி மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 6.2 கிலோ. முன் ஸ்பிரிங்கின் எண்ணை விடப் பின் ஸ்பிரிங்கின் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். 0.7-ஐத் தன்னாலேயே பெருக்கும் இந்த வர்க்கத்தைக் கணக்கில் கொண்டால் பயத்துக்கு இடமில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றியபின் ஜாக்கினால் சக்கரத்தை மெதுவாகத் தூக்கி, இரண்டு இடத்திலும் டேப் வைத்து நீயே ஒருமுறை அளந்து பார்; அரை மணி நேர வேலை.

முன்பக்கத்தை 1.45 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துக்கொள். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஓலி கண்டறிந்தபடி, மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறிப் பின்சக்கரம் தாமதமாக ஏறுவதால், பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் அது முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, காரின் தலையாட்டம் சீக்கிரம் அடங்கிவிடும். சாலைக் காருக்கு இது இன்றும் நல்ல தொடக்கப் புள்ளி.

இனி, 35 தாழ்த்தி நான் பட்டதைச் சொல்கிறேன். நீண்ட இடப்பக்க வளைவு ஒன்றில், நடுவில் சாலை லேசாக அமிழ்ந்து எழும் இடத்தில், பின்பக்கம் திடீரென்று ஒரு கை அகலம் வெளியே பாய்ந்தது. டயர் வழுக்கியதாகத்தான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, டேம்பரின் தூசி உறையைத் தூக்கி, தண்டைச் சுற்றி ஒரு சிறிய கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டிவிட்டு, அதே சாலையில் நிதானமான வேகத்தில் மறுநாள் போய்வந்தேன். ஜாக்கில் ஏற்றிப் பார்த்தபோது கேபிள் டை பம்ப் ஸ்டாப்பின் முனைக்குள் பதிந்து, அந்த நுரை ரப்பரில் வட்டமாகத் தடம் விட்டிருந்தது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் ஏற்கெனவே பம்ப் ஸ்டாப்பில் சாய்ந்து கொண்டிருக்க, மேடு வந்ததும் பின்பக்க விறைப்பு ஒரே கணத்தில் பன்மடங்கு ஏறிவிட்டது. எடை முழுவதும் அந்த ஒரு டயரில் விழுந்தால் அது பிடியை விடத்தானே செய்யும்! அன்றிலிருந்து எந்த மாற்றம் செய்தாலும் அந்தக் கேபிள் டையைப் பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

பம்ப் ஸ்டாப்பை எதிரியாக நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். கூம்பாக மெலிந்த அதன் முனை மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக இறுகும். குட்டையாக்க வேண்டியிருந்தால் தடித்த அடிப்பக்கத்தில் வெட்டு, முனையை வெட்டிவிட்டால் அந்தப் படிப்படியான இறுக்கம் போய்விடும். அதைவிட நல்லது, தாழ்த்திய காருக்கென்றே உடல் குட்டையாகச் செய்த டேம்பரை வாங்குவது. பழைய டேம்பரில் குட்டை ஸ்பிரிங்கை மட்டும் பொருத்தினால் தண்டு எப்போதும் அமிழ்ந்த நிலையிலேயே வேலை செய்யும்.

டேம்பரைப் பற்றி இன்னொன்று. விறைப்பு 20-லிருந்து 30 ஆகும்போது, அதே அளவு அடக்கத்துக்கு டேம்பரின் விசை ஏறக்குறைய 22 சதவீதம் கூட வேண்டும். பழைய டேம்பர் பாதி தேய்ந்திருந்தால் புது ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாது. குமிழைக் கிளிக் கிளிக்காகத் திருப்பி அடக்கத்தை மாற்றும் டேம்பராக இருந்தால் முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணத் தொடங்கு. திறந்த முனையில் எண்ணிக்கை டேம்பருக்கு டேம்பர் மாறும். ரீபவுண்டை, அதாவது சக்கரம் திரும்பி இறங்கும்போது டேம்பர் தரும் எதிர்ப்பை, அளவுக்கு மீறி ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும், ஏனென்றால் முதல் பத்து நிமிடம் கார் இறுக்கமாக, கச்சிதமாகத் தெரியும். ஆனால் தொடர்ச்சியான சிறு மேடுகளில் சக்கரம் திரும்பி இறங்க நேரம் கிடைக்காமல் கார் படிப்படியாகக் கீழே இழுக்கப்படும். முதல் மேடு மெத்தென்றும் நான்காவது மேடு கல்லென்றும் இருந்தால் அதுதான் அடையாளம். இரண்டு கிளிக் திறந்துவிடு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதே சாலை, அதே டயர் காற்று.

அடுத்தது புஷ், ஆர்ம்கள் போல்ட்டில் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம். நான் செய்த பெரிய தவறு இதுதான், நீ செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கார் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம்களின் போல்ட்டுகளை எல்லாம் முழு முறுக்கில் இறுக்கிவிட்டேன். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. எந்தக் கோணத்தில் இறுக்குகிறோமோ அதையே அது தன் ஓய்வுநிலையாகக் கொள்கிறது. காரை இறக்கியபோது பின்பக்கம் கணக்கிட்டதைவிட 12 மில்லிமீட்டர் உயரமாக நின்றது, ஸ்பிரிங் இன்னும் அமரவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மூன்று மாதத்தில், சக்கரத்தை முன்பின்னாகப் பிடித்து நிறுத்தும் டிரெய்லிங் ஆர்மின் முன் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயிலிருந்து பிறை வடிவில் கிழிந்து, டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்பக்கம் தனியாகத் திசை தேடியதற்குக் காரணம் அதுவே. ஆகவே போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நிற்கும் உயரம் என்னவோ அந்த அளவுக்கு ஆர்மை ஜாக்கில் தூக்கி, அதன்பின் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை எடு. ஜாக் காரைத் தூக்கும் நிலையில் கீழே நுழையாதே, ஸ்டாண்ட் கட்டாயம்.

சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைசி வேலை. தாழ்த்தினால் பின்சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாயும். அந்தச் சாய்வுதான் கேம்பர். 35-இல் என் கேம்பர் மைனஸ் 2.4 பாகை ஆனது, இப்போது இருபுறமும் மைனஸ் 1.6. டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைக் குறை சொல்கிறார்கள், ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம். கேம்பரை மட்டும் திருத்தினால் டோ மாறும் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொல். பின்பக்கம் சக்கரத்துக்கு 0.12 பாகை உள்நோக்கிய டோ வைத்திருக்கிறேன். நம் டயரின் விட்டத்தில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இடமும் வலமும் சமமாக இருப்பது அந்த எண்ணைவிட முக்கியம், இல்லாவிட்டால் நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உன் எடைக்கு ஏதாவது வைக்கச் சொல், டேங்க் பாதியாவது நிறைந்திருக்கட்டும்.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரை இப்போதைக்குத் தொடாதே. காரை முழுக்கத் தூக்கியபின் ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றிப் பார். தளர்ந்து சுழன்றால் அது இருக்கையைவிட்டு நழுவக்கூடும், அந்த நிலையில் ஓட்டக் கூடாது. முகப்பு விளக்கின் உயரத்தைத் தானே சரிசெய்யும் சென்சார் பின் ஆர்மில் பொருந்தியிருக்கிறது, அதையும் மறுபடி அமைக்க வேண்டும். நான் மறந்து, எதிரே வந்தவர்களை ஒரு வாரம் கூசச் செய்தேன்.

ஸ்பிரிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு அளவுகளை மட்டும் எனக்கு எழுது: இடமும் வலமும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை உள்ள உயரம், பம்ப் ஸ்டாப்புக்கு மீதமுள்ள தூரம். உன் காரில் 60-க்குப் பதில் 50தான் இருந்தால், 20 தாழ்த்துவதும் அதிகம். கணக்கை மறுபடி போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்