ஆஸ்துமா இல்லை, கோமதி

அன்புள்ள கோமதி,

நாங்கள் நலம். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லையென்று வசந்தியிடம் மூக்கைச் சிந்தினாயாம். சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும், நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிய (பல்மனரி ஹைப்பர்டென்ஷன்) ஒரு பெண்ணுக்காக.

தை மாதக் கடைசியில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இளைப்பு என்று வந்தாள். வயது 28. முன்பு பார்த்தவர்கள் கொடுத்தது முதலில் சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை, பிறகு ஆஸ்துமா என்று இன்ஹேலர். நெஞ்சில் இழுப்பு துளியும் இல்லை, ஹீமோகுளோபின் 12. செருப்பை மாட்டக் குனிந்தவள் பாதியிலேயே நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். மறுபடி படுக்கவைத்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டேன். இதயத்தின் இரண்டாம் ஒலி, இடப்பக்கம் மேலே, கதவை அறைந்து சாத்தியது போல விழுந்தது. கல்லூரியில் பரமசிவம் சார் நம்மை நிற்கவைத்துக் கேட்கச் சொல்வாரே, அதே ஒலி! உட்கார்ந்திருந்தபோது 96 இருந்த ஆக்சிஜன், வராந்தாவில் நடக்கவிட்டதும் 87. ஈ.சி.ஜி.யில் வலது கீழறை திணறுவது தெரிந்தது. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் மூவிதழ் வால்வுக் கசிவின் வேகம் நொடிக்கு 4.1 மீட்டர். 2.8ஐத் தாண்டினாலே இந்த அழுத்தத்தைச் சந்தேகப்பட வேண்டுமே.

"கையில் பி.பி. 110தானே டாக்டர்?" என்று அவள் கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இது இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயின் அழுத்தம், கையில் பட்டை கட்டினால் தெரியாது என்று படம் போட்டுக் காட்டினேன். பிறகு கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயம் வழியே செலுத்தி அளந்தார்கள். சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகக் கூடாது; இவளுக்கு 48.

எனக்கு ஆறவேயில்லை, கோமதி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கரு கலைந்திருக்கிறது. அதையொட்டி இடது கால் வீங்கிக் கிடந்திருக்கிறது. இளைப்பு அதற்குப் பிறகுதான். எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறாள், ஒருவரும் கேட்கவில்லை! எக்கோ தாளைப் பார்த்த ஒருவர் உடனே நுரையீரல் ரத்தக்குழாயைத் தளர்த்தும் சில்டெனாஃபில் மாத்திரையை எழுதிவிட்டார். அழுத்தம் ஏன் ஏறியது என்று பார்க்க வேண்டாமா? பெரும்பாலானவர்களுக்கு இது இடப்பக்க இதயக் கோளாறால் வருவது. அவர்களுக்கு இந்த மாத்திரையால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு. இவளுக்கோ காலிலிருந்து நுரையீரலுக்குப் போய் அடைத்த பழைய ரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்படியானால் அறுவை சிகிச்சையில் உள்ளே படிந்ததை உரித்தெடுத்துவிட முடியும். குணமாகக்கூடிய வகையை நாம் தவறவிடலாமா?

சி.டி.யில் ரத்தக்கட்டி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதை வைத்து இல்லையென்று சொல்ல முடியாதென்று உனக்குத் தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் தொடங்கி மூன்று மாதம் முடிந்துவிட்டது. நுரையீரலில் காற்றோட்டமும் ரத்த ஓட்டமும் பார்க்கும் வி.க்யூ. ஸ்கேன் இங்கே கிடையாது. உன் மருத்துவமனையில் ஏற்பாடு செய். கரு கலைந்ததையும் கால் வீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் ரத்தம் எளிதில் கட்டியாகும் நோயைக் கண்டறியும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனையும் வேண்டும்.

அடுத்த குழந்தை எப்போது என்று மாமியார் என்னிடமே கேட்டார். இந்த அழுத்தத்தோடு கருவுற்றால் தாயின் உயிருக்கே ஆபத்து என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நீயும் அவளிடம் தனியாகப் பேசு.

உன் பயிற்சி மருத்துவர்களை அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து அந்த ஒலியைக் கேட்கச் சொல், அவள் சம்மதித்தால். எந்த நாள் என்று எழுது, இரவு ரயிலில் ஏற்றிவிடுகிறேன். சக்கர நாற்காலியோடு யாரையாவது எழும்பூருக்கு அனுப்பு. மேம்பாலப் படி ஏற அவளால் ஆகாது.

அன்புடன்,
செல்வி