செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் மா விவசாயப் பெருமக்களுக்கும் வணக்கம்.

செயற்குழு முறைப்படி கூடியது. இலைப்பேன் தாக்குதல் பற்றித் தோட்டக்கலைத் துறையிடம் மனு கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிக நேரம் பிடித்தது இணையதள வேலை. வாட்ஸ்அப் குழுவில் போச்சம்பள்ளிக்காரர் கேட்டதற்குப் பர்கூர்க்காரர் பதில் போடுவதற்குள் காலை வணக்கப் படங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. பெங்களூரா மாம்பழ விலையும் மருந்து அளவும் அதற்கடியில் புதைந்துபோகின்றன. அதனால்தான் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் நமது தளத்திலேயே உறுப்பினர்கள் பேசிக்கொள்ள ஒரு பிளகின், அதாவது தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், தேடினோம்.

பீப்சோ என்ற பிளகின் பார்க்க அழகுதான். ஆனால் படம், குழு, அரட்டை என்று நமக்கு வேண்டியதெல்லாம் காசு கட்டி வாங்கும் துணைப் பிளகின்கள். அல்டிமேட் மெம்பர் என்ற இன்னொன்றில் சுயவிவரப் பக்கம் நன்றாக வரும். குழுவுக்கு அங்கேயும் பணம்தான். 2023 ஜூனில் அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாக வெளியாட்கள் தங்களையே நிர்வாகியாக்கிக்கொண்டதும் நடந்தது. 2.6.7 பதிப்பில் அதை அடைத்துவிட்டார்கள். அதற்காக அதை ஒதுக்கவில்லை; பராமரிக்க ஆளில்லாவிட்டால் எந்த பிளகினும் ஆபத்துதான்.

கடைசியில் 2009-இல் முதல் பதிப்பு வந்த படிபிரஸ் (BuddyPress) பிளகினைத் தேர்ந்தெடுத்தோம். இலவசம் என்பதைவிட, வேண்டாத பகுதிகளை அணைத்து வைக்கலாம் என்பதே எனக்குப் பிடித்தது. நண்பர் கோரிக்கை, தனிச்செய்தி இரண்டையும் அணைத்துவிட்டோம். தனிச்செய்தியைத் திறந்து வைத்தால் முதலில் நுழைபவர் தரகராகத்தான் இருப்பார்! வட்டாரவாரியாகத் தனிக்குழுக்கள் உண்டு. சேர விண்ணப்பிப்பவரை நிர்வாகி ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே விடும் வசதியும் இருக்கிறது. சுயவிவரத்தில் ஊரும் மா ரகமும் எல்லா உறுப்பினருக்கும் தெரியும். கைபேசி எண் அவரவருக்கு மட்டும். எண்ணையும் காட்டினால்தான் வியாபாரம் நடக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். விருப்பமுள்ளவர் தாமே மாற்றிக்கொள்ளலாம், சங்கம் மாற்றாது.

ஒரு குறை உண்டு. பதிவுகளில் படம் ஏற்றும் வசதி படிபிரஸோடு வருவதில்லை, அதற்கு வேறொரு பிளகின் வேண்டும். பூச்சி விழுந்த பூங்கொத்தை எழுத்தில் விவரித்து யாருக்குப் புரியும்? ஆனால் நம்முடையது பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் மலிவான சர்வர். ஆளாளுக்குப் பெரிய படங்களை ஏற்றினால் இடம் போதாது. சர்வரை மாற்ற ஆகும் தொகைக்குப் பொதுக்குழு இன்று ஒப்புதல் தர வேண்டும். பிளகின்களைத் தவறாமல் புதுப்பித்து, மாதந்தோறும் தளத்தை நகல் எடுத்து வைக்க இரண்டு இளைஞர்களின் பெயரையும் இந்தக் கூட்டத்திலேயே முன்மொழியுங்கள்.

செயலாளர்