சூசையும் வளனும் யூசுஃபும் ஒரே பெயர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குழந்தைப் பெயர்ப் பட்டியலில் ‘யோசேப்பு’ என்ற எபிரேயப் பெயருக்கு ‘வளமானவன்’ என்று பொருள் கொடுத்திருந்தார்கள். கடைகளில் விற்கும் பெயர்ப் புத்தகங்களிலும் இதே பிழை இருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் நம்பிப் படிக்கும் இடம் என்பதால் இதை எழுதுகிறேன்.

எபிரேயத்தில் யோத், வாவ், சாமெக், பே என நான்கே எழுத்து. ‘கூட்டு, சேர்’ என்பது வேர்ச்சொல்லின் பொருள். ‘யோசெஃப்’ அதிலிருந்து வந்த வினை: ‘அவர் இன்னும் சேர்த்துத் தருவாராக’ என்கிற வியங்கோள். ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில், நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த ராகேல் மகனைப் பெற்றதும் இரண்டு வாக்கியம் சொல்கிறாள். கடவுள் என் நிந்தையை எடுத்துப்போட்டார் என்பது முதலாவது. அதில் வரும் வினை ‘ஆசாஃப்’. இன்னொரு மகனையும் எனக்குச் சேர்த்துத் தருவாராக என்பது அடுத்தது. அதன் வினைதான் ‘யோசெஃப்’. மடியில் கிடக்கும் பிள்ளைக்கு, அடுத்த பிள்ளைக்கான வேண்டுதலையே பெயராக வைத்துவிட்டாள். அவள் கேட்ட அந்த இன்னொரு மகன் பென்யமீன். அவனைப் பெற்றபோதே ராகேல் இறந்துபோனாள். ‘வளமானவன்’ என்று எழுதினால் அந்தத் தாயின் குரல் அடியோடு மறைந்துவிடுகிறது.

பிழைக்குக் காரணம் ‘வளன்’ என்ற தமிழாக்கம். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியின் தலைவன் வளன்; இயேசுவின் வளர்ப்புத் தந்தையான யோசேப்புதான் அவர். அறம் அறன் ஆவது போல, நலம் நலன் ஆவது போல, வளம் வளன் ஆகும். இலக்கணப்படி அது மகர னகரப் போலி; காதுக்கோ ஆண்பால் பெயர். எவ்வளவு பொருத்தமான சொல்! லத்தீன் விவிலியம் ஆதியாகமம் 49:22இல் ராகேலின் மகனான யோசேப்பை ‘வளர்ந்துவரும் மகன்’ என்கிறது. அதைப் படித்துப் பழகியவருக்கு ‘வளன்’ இயல்பாகத் தோன்றியிருக்க வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரிவரை நிலைத்துவிட்ட அழகான ஆக்கம் அது. ஆனால் ஆக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் பொருள் சொல்வது தலைகீழ்.

‘சூசை’ வேறு பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. போர்த்துகீசியர் இப்பெயரை ‘ஜோஸே’ என்று எழுதினாலும் வாயில் ‘ழ்ஜுஸை’ போல ஒலிக்கும். அழுத்தமில்லாத முதல் ஒகரம் உகரமாகத் தேயும். தமிழில் இல்லாத இரண்டு உரசொலிகளும் சகரமாகும். ஈற்று விரிந்த எகரம் ஐகாரமாகும். கிடைப்பது சூசை. முத்துக்குளித்துறை மக்கள் காதால் கேட்டு, அப்படியே பிடித்துக்கொண்ட வடிவம். கேரளத்து ஔசேப்பு சிரியாக் மொழி வழி வந்தது. யூசுஃப் அரபு வழி. கி.பி. 1000ஐ ஒட்டிய கொச்சி யூதர் செப்பேட்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனிடம் 72 உரிமைகள் பெற்றவரின் பெயர் ‘இஸ்ஸுப்பு இரப்பான்’ என்று வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் யோசேப்பு ரப்பான்.

யூதரிடையே இப்பெயர் நெடுங்காலமாகவே பரவலானது. எருசலேமின் இரண்டாம் ஆலயம் நின்றிருந்த காலத்தில் (கி.பி. 70 வரை) சீமோனுக்கு அடுத்தபடி ஆண்கள் அதிகம் வைத்துக்கொண்ட பெயர் இதுதான். 1990இல் எருசலேமில் கிடைத்த எலும்புப் பெட்டி ஒன்றில் ‘யெஹோசெஃப் பார் கயாஃபா’ (கயாஃபாவின் மகன் யெஹோசெஃப்) என்று கீறியிருந்தது. யோசெஃபின் நீள் வடிவம்தான் யெஹோசெஃப்; சங்கீதம் 81இலும் அது வருகிறது. மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவரிடையே கதை வேறு. இடைக்காலத்தில் அங்கே இது அரிய பெயர். புனித யோசேப்பின் மார்ச் 19 திருவிழா 1479இல் ரோமை நாட்காட்டியில் சேர்ந்து, 1621இல் கட்டாயம் திருப்பலி காணவேண்டிய கடன் திருநாளாகி, 1870இல் யோசேப்பு முழுத் திருச்சபைக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். ஜோஸே, ஜுசெப்பே, யோசஃப் என்று வீட்டுக்கு வீடு பெயர் பரவியது இந்தப் பக்தி வளர்ந்த பிறகுதான்.

தங்கள் உதவியாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இஸ்ரேலியச் செய்தியில் யோசெஃப், பாலஸ்தீனச் செய்தியில் யூசுஃப், நம்மூர்ச் செய்தியில் சூசை என அவரவர் சொல்லிக்கொள்ளும் வடிவத்திலேயே அச்சிடுங்கள். எபிரேயத்தில் யூசுஃபையும் யோசெஃபின் அதே நான்கு எழுத்தில் எழுதுவதுண்டு என்பதால், எழுத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்ய முடியாது.

பெற்றோருக்கும் ஒன்று. எல்லாம் ஒரே பெயர் என்பது மொழிக்குச் சரி, அலுவலகத்துக்குச் செல்லாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் சூசை, பிறப்புச் சான்றிதழில் ஜோசப் என்றிருந்தால் அங்கே இரண்டு ஆட்கள்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது சிக்கும். வடிவத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சான்றிதழை வாங்கியவுடன் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்தில் ஒன்று விட்டுப்போவதுதான் இப்பெயரில் அடிக்கடி நேரும் பிழை.

இப்படிக்கு,
விவிலிய எபிரேயம் கற்பிக்கும் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி