சிப்புக்குள் ஆப்-ஆம்ப்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புராஜெக்ட் சீசன் ஆரம்பித்ததிலிருந்து கவுண்டரில் ஒரே கேள்வி: "சிப்புக்குள்ளேயே ஆப்-ஆம்ப் இருக்காமே அண்ணா, அப்போ எல்எம்358 வேண்டாமா?" ஆப்-ஆம்ப் என்பது சின்ன வோல்டேஜைப் பெருக்கித் தரும் சர்க்யூட்; எல்எம்358 அதைத் தனி ஐசியாகத் தருவது. சிப் என்று இங்கே சொல்வது புரோகிராம் ஏற்றி ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலரை. கூட்டத்துக்கு நடுவே நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

மோட்டார் கரன்ட் அளக்க என்றால் தாராளமாக வாங்குங்கள். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள், எடை பார்க்கும் லோடு செல் என்று வந்தால் நாங்களே வேண்டாம் என்போம்.

மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். அதன் கிரவுண்டு பக்கம் 0.1 ஓம் ஷன்ட் ரெசிஸ்டர் (கரன்ட் அளப்பதற்காக அதன் வழியில் வைக்கும் சின்ன ரெசிஸ்டர்) போட்டால் 1 ஆம்பியர் ஓடும்போது கிடைப்பது 100 மில்லிவோல்ட். பழைய ஆர்டுயினோ ஊனோ போர்டின் 10 பிட் ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரு படியே கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். ஒரு முழு ஆம்பியருக்கு இருபது படிகள்தான். 30 மில்லிஆம்பியர் கூடினாலும் குறைந்தாலும் அதற்குத் தெரியாமலே போகலாம்.

இந்த வேலைக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது ஏவிஆர்128டிபி28, சுருக்கமாக டிபி. டிஐபி பேக்கேஜில் கிடைப்பதால் பிரெட்போர்டில் நேராகச் செருகலாம், 5 வோல்ட்டில் ஓடும். உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப். கெயினுக்கான, அதாவது எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர்களும் உள்ளேயே. பிடி1 பின்னில் சிக்னலைக் கொடுத்து, கெயின் 16 என்று புரோகிராமில் எழுதினால், பெருக்கிய வோல்டேஜ் பிடி2-இல் வரும். அந்த பின்னையே ஏடிசி படிக்கும் என்பதால் வெளியே ஒயர்கூடத் தேவையில்லை. 100 மில்லிவோல்ட் 1.6 வோல்ட் ஆகிறது. ஏடிசி 12 பிட் என்பதால் ஆம்பியருக்கு 1,300 படிகளுக்கு மேல். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கரன்ட் எகிறுமே, அந்த நேரத்துக்கு மட்டும் கெயினை 4-க்கு இறக்கிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். எல்எம்358-இல் இதற்கு ரெசிஸ்டரையே மாற்ற வேண்டும். தவிர, 5 வோல்ட் சப்ளையில் அதன் அவுட்புட் மூன்றரை வோல்ட் பக்கமே நின்றுவிடும். டிபி-யின் ஆப்-ஆம்ப் சப்ளைக்கு மிக அருகில்வரை போகும்.

வயரிங்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஆப்-ஆம்ப் பார்ப்பது பிடி1-க்கும் சிப்பின் கிரவுண்டுக்கும் இடையே உள்ள வோல்டேஜை. பிரெட்போர்டின் மறுகோடியில் எங்கோ கிரவுண்டு எடுத்தால், நடுவில் உள்ள ஒயர், கிளிப் எல்லாவற்றின் ரெசிஸ்டன்ஸும் உங்கள் 0.1 ஓமோடு சேர்ந்துவிடும். ஷன்ட்டின் கீழ்க்காலிலிருந்தே சிப்பின் கிரவுண்டுக்கு ஒரு ஒயர், மேல்காலிலிருந்து 1 கிலோஓம் வழியாக பிடி1-க்கு இன்னொன்று, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. ஏவிடிடி (அனலாக் சப்ளை) பின்னுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் இருக்கட்டும். ரீடிங் ஆடுகிறது என்று திரும்பி வருபவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது இந்த கிரவுண்டு ஒயரைத்தான்.

சரி, தெர்மோகப்பிள் ஏன் வேண்டாம்? கே டைப் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். இப்படிச் சிப்போடு சேர்ந்து வரும் ஆப்-ஆம்ப்களில் ஆஃப்செட், அதாவது இன்புட்டில் தானாகவே சேரும் பிழை வோல்டேஜ், சில மில்லிவோல்ட் இருக்கலாம். 2 மில்லிவோல்ட் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 50 டிகிரி தப்பு. இரண்டு ஆப்-ஆம்பையும் உள்ளுக்குள் தொடராக இணைத்து கெயினை 256 ஆக்கலாமே என்பார்கள். ஆக்கலாம், ஆஃப்செட்டும் கூடவே பெருகும். புரோகிராமில் கழித்தாலும் சிப் சூடாகும்போது அது நகர்ந்துவிடும். தெர்மோகப்பிளுக்கென்றே வரும் மேக்ஸ்6675 ஐசி வாங்கிக்கொள்ளுங்கள். லோடு செல்லும் இதே கதைதான்: ஒரு வோல்ட்டுக்கு 1 மில்லிவோல்ட் தரும் செல்லில் முழு எடைக்கே 5 மில்லிவோல்ட்தான். அதற்கு 24 பிட் ஏடிசியான எச்எக்ஸ்711.

ஊனோ ஆர்4 ஏற்கெனவே கையில் இருந்தால் புதுச் சிப் தேவையில்லை. அதிலும் ஒரு ஆப்-ஆம்ப் உண்டு: ஏ1 பிளஸ், ஏ2 மைனஸ், ஏ3 அவுட்புட். ஆனால் கெயின் ரெசிஸ்டர்களை நீங்கள்தான் வெளியே போட வேண்டும். ஏ3-இலிருந்து ஏ2-க்கு 10 கிலோஓம், ஏ2-இலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம் போட்டால் கெயின் 11. இன்னொன்று, பழைய ஊனோ நினைப்பில் பின்னிலிருந்து நேராக 20 மில்லிஆம்பியர் இழுக்காதீர்கள். ஆர்4-இல் ஒரு பின்னுக்கு 8-தான்.

மலிவுதான் முக்கியம் என்பவர்களுக்கு சிஎச்32வி003. ஒரு ஆப்-ஆம்ப், அதற்கும் வெளி ரெசிஸ்டர். டிரோனுக்கு மூன்று ஃபேஸ் மோட்டார் டிரைவர் செய்பவர்கள் எஸ்டிஎம்32ஜி431 பாருங்கள்: மூன்று ஆப்-ஆம்ப், ஃபேஸுக்கு ஒன்று, கெயின் 64 வரை. ஆனால் முதல் புராஜெக்ட்டே அதில் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

காசு மிச்சம் என்பதற்காக மட்டும் எதற்கும் மாறாதீர்கள். எல்எம்358 சில ரூபாய் சமாச்சாரம். போர்டில் இடம், ஒயர், சாலிடரிங் இவைதான் மிச்சம்.

வாங்க வருமுன் இரண்டு விஷயம். டிபி சிப்பில் புரோகிராம் ஏற்ற யுபிடிஐ என்ற ஒற்றை ஒயர் முறை வேண்டும். உங்களிடம் உள்ள யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் வேலைக்காகாது. யுஎஸ்பி-சீரியல் மாட்யூலும் ஒரு ரெசிஸ்டரும் போதும், கேட்டால் சேர்த்துத் தருகிறோம். சிப் நம்பரையும் முழுசாகச் சொல்லுங்கள்: ஏவிஆர்128டிஏ28 என்று ஒன்று அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், அதில் ஆப்-ஆம்ப் கிடையாது.

அன்புடன்,
கடையிலிருந்து