மீட்டரை வாங்கிவிடாதே, பொறு

பொள்ளாச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் நான்கு வரி தட்டிவிடாமல் மூன்று பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்றால் வண்டிக்கு ஏதோ பெரிதாக ஆகிவிட்டது என்று உறையைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. எதிர்வீட்டு அக்காவுக்கு இத்தனை நரை இருப்பது இப்போதுதான் தெரிகிறதாம். வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பைக்குக்குப் புது மீட்டரை, அதாவது ஸ்பீடும் மணியும் காட்டுகிற அந்த டிஸ்பிளே பெட்டியை, வாங்கிவிடாதே. 18,000 ரூபாய்க்கு ஆர்டர் போட்டிருந்தால் நாளைக் காலையில் முதல் வேலையாகப் போன் செய்து நிறுத்து.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது நடந்ததை நீ எழுதியிருப்பதை நான் இரண்டு முறை படித்தேன். 70 கொண்டை ஊசி வளைவில் இடதுபக்கம் ஒடிக்கிற வளைவுகளில் மட்டும் டிஸ்பிளே அணைகிறது. ஹேண்டில் நேரானதும் வந்துவிடுகிறது. வரும்போது கடிகாரம் 1:00 காட்டுகிறது. இன்ஜின் நிற்கவில்லை, ஹெட்லைட் மங்கவில்லை. இதைவிடத் தெளிவாக எந்த வண்டியும் தன் நோயைச் சொல்லாது. கடைக்காரர் இதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் “மீட்டர் போச்சு” என்று சொல்லியிருக்க மாட்டார்.

கடிகாரத்தைக் கவனி. மீட்டருக்குப் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு வழியாகக் கரண்ட் போகிறது. ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. சாவியை எடுத்த பிறகும் மணியையும் ட்ரிப் கணக்கையும் நினைவில் வைத்திருப்பது அதனால்தான். இன்னொன்று சாவி போட்டால் வருவது. திரும்பிப் போகிற எர்த் இரண்டுக்கும் பொது. சாவி வழி மட்டும் விட்டுப் போனால் டிஸ்பிளே அணையும், மணி தப்பாது. உனக்கு மணியும் போகிறது, வெளிச்சமும் போகிறது. இரண்டு பாசிடிவ் வயரும் ஒரே வளைவில் ஒன்றாக அறுந்து ஒன்றாக ஒட்டிக்கொள்வது நடக்காத காரியம். அப்படியானால் மிச்சம் இருப்பது பொதுவான அந்த ஒரு எர்த். நம் வண்டியில் மீட்டர் ஹேண்டில் பாரோடு சேர்ந்து திரும்புகிறது. ஆகவே அதன் வயர்க் கட்டு வண்டியின் கழுத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வளைந்து நிமிர்கிறது. (மீட்டரை முன்பக்கச் சட்டத்தில் நிலையாக வைத்திருக்கிற வண்டிகளுக்கு இந்தக் கதை பொருந்தாது.)

அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ அனுப்பிய போட்டோவில் ஹேண்டில் பாருக்கு அடியில் புதிதாக இரண்டு அலுமினியக் கட்டைகள் பளபளக்கின்றனவே, ரைசர் எப்போது போட்டாய்? நின்றுகொண்டு ஓட்ட வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹேண்டில் ஓர் அங்குலம் உயர்ந்தபோது வயர்க் கட்டும் ஓர் அங்குலம் நீண்டதா? இல்லை. அது பழைய நீளத்திலேயே இழுபட்டுக்கொண்டு இருக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், இதே தவற்றை இரண்டு வருடம் முன்பு நான் செய்தேன். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ரைசரோடு ஃபாக் லைட்டும் போட்டேன். ஃபாக் லைட் வயரை மெயின் கட்டோடு சேர்த்து, கழுத்துப் பக்கம் ஜிப் டையால் இறுக்கிக் கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. நான்கு மாதம் கழித்து ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, 40 வளைவில் ஒன்பதாவதைத் தாண்டியதும் மீட்டர் மினுக்கியது. வரையாடு பார்க்க நின்றவர்கள் என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். மீட்டரைக் கையால் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டினால் வந்தது, அதுதான் கெடுதலாகப் போயிற்று. தட்டினால் வருகிறது என்றால் மீட்டருக்கு உள்ளேதான் லூஸ் கான்டாக்ட் என்று நம்பிவிட்டேன்.

முதலில் பேட்டரியை மாற்றினேன். பிறகு ஒரு கடையில் மீட்டரையே மாற்றினார்கள். மூன்றாம் நாள் அதே மினுக்கல். அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை, போ.

அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிலும் முதலில் ஏமாந்தேன். மீட்டரின் கப்ளரை (வயர்க் கட்டு மீட்டரில் வந்து செருகுகிற பிளக்கை) கழற்றி, பாசிடிவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளந்தால் 12.5 வோல்ட் சுத்தமாகக் காட்டியது. வயர் நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டேன். பிறகு உறைத்தது. மல்டிமீட்டர் கரண்ட் குடிப்பதே இல்லை. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் முழு வோல்டேஜ் காட்டிவிடும். அடைத்துக்கொண்ட குழாயின் வாயை விரலால் பொத்தினால் அழுத்தம் தெரியும், குடத்தை வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். அதே கதைதான்.

ஆகவே நீ கப்ளரைக் கழற்றாமல் அளந்து பார். மல்டிமீட்டரை டிசி 20 வோல்டில் வை. கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் நெகடிவ் டெர்மினலில் பிடி. சிவப்பை, கப்ளருக்குப் பின்பக்கமாக ஒரு மெல்லிய குண்டூசியைச் செருகி, மீட்டரின் எர்த் வயரில் தொடு. சாவியைப் போட்டு டிஸ்பிளே எரியட்டும். எர்த் நன்றாக இருந்தால் 0.1 வோல்டுக்குள் நிற்க வேண்டும். எனக்கு நேராக இருக்கும்போது 0.03 காட்டியது. மனைவியை ஹேண்டிலை மெதுவாக இடதுபக்கம் திருப்பச் சொன்னேன். 0.4, 1.2, 3 என்று ஏறி, 4-ஐத் தாண்டியதும் டிஸ்பிளே அணைந்தது. “இதற்கா ரெண்டு மாசம்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மல்டிமீட்டர் கையில் இல்லையென்றால் பழைய 10 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்துக்கொள். கப்ளரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிடிவுக்கும் அந்த எர்த் வயருக்கும் நடுவே பல்பைப் பிடித்து ஹேண்டிலைத் திருப்பு. மங்கினால் ஆள் அகப்பட்டான். ஆனால் இந்தப் பல்பை மீட்டரின் மற்ற மெல்லிய வயர்களில் வைத்துவிடாதே, காரணம் கீழே சொல்கிறேன்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கண் உதவாது. மேல் உறை முழுசாக இருக்கும். டேப்பைப் பிரித்து, அந்த ஒரு வயரை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிமிண்டிக்கொண்டே வா. நல்ல வயருக்கு உள்ளே முதுகெலும்பு இருக்கும். அறுந்த இடத்தில் துவண்டு மடங்கும், லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். எனக்கு அது ஜிப் டைக்குச் சரியாக ஒரு விரல்கடை மேலே இருந்தது. பிளேடால் கீறிப் பார்த்தால் செம்பு கறுத்து, பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மழையில் ஓடும்போது மயிரிழை வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

நம் ஹாஸ்டல் டேப் ரெக்கார்டர் ஞாபகம் இருக்கிறதா? பாட்டு நின்றுபோச்சு என்று ராத்திரி முழுக்கப் பிரித்து, ஹெட்டு, மோட்டார், பெல்ட் எல்லாவற்றையும் செய்தித்தாள் மேல் பரப்பினோம். கடைசியில் பிளக்குக்குப் பக்கத்தில் ஒயர் மடங்குகிற இடத்தில் அறுந்திருந்தது. அதைத் திரும்பப் பூட்டவே முடியவில்லை என்பது வேறு கதை. முப்பது வருடம் கழித்தும் நான் அதே செய்தித்தாளைத்தான் விரித்திருக்கிறேன்.

சரிசெய்யும்போது அந்த இடத்திலேயே முறுக்கி சால்டர் வைத்துவிடாதே. சால்டர் இழைகளுக்குள் ஊறிக் கம்பி போல் விறைத்துவிடும். வளைகிற இடத்தில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்தில் மறுபடி ஒடியும். இரண்டு பக்கமும் களிம்பு இல்லாத செம்பு தெரிகிறவரை வெட்டிக்கொண்டு, புதிதாகப் பல இழை வயர் ஒன்றை நடுவில் சேர். ஜாயிண்ட் கழுத்திலிருந்து தள்ளி வரட்டும், மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு. ரைசருக்காக ஓர் அங்குலம் கூடுதலாகவே விடு. அங்கே ஜிப் டை வேண்டாம். அவசியம் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வயர் வழுக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டு. பக்கத்து வயர்களையும் ஒரு தடவை நிமிண்டிப் பார்த்துவிடு, ஒன்று போனால் அண்ணன் தம்பி எல்லாம் வரிசையில் நிற்கும்.

கப்ளர் பின்களில் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடி, உப்புத்தாள் போடாதே. மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே பச்சை பூக்கும்.

இப்போது அந்த மெல்லிய வயர்கள். மீட்டர் இப்போதெல்லாம் இன்ஜின் கம்ப்யூட்டரோடு ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு வயரில் பேசிக்கொள்கிறது. கேன் பஸ் என்பார்கள். 1986-இல் பாஷ் கம்பெனிக்காரர்கள் கார்களுக்காக வெளியிட்டது. அந்த ஜோடி கெட்டால் நோய் வேறு மாதிரி இருக்கும். டிஸ்பிளே பளிச்சென்று எரியும், மணி சரியாக இருக்கும், ஆர்பிஎம்மும் டெம்பரேச்சரும் மட்டும் கோடு கோடாக நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் வழக்கமாக 60 வரும். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. அங்கே பல்பை வைத்தால் கம்ப்யூட்டரே போய்விடலாம். உனக்கு இது இல்லை, தெரிந்து வைத்துக்கொள்.

கண்ணாடிக்குள் பனி படிகிறது என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாயே, அதற்குப் பயப்படாதே. வெயிலில் சூடான மீட்டர் ஓடைத் தண்ணீர் பட்டதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. லேசான பனி வெயிலில் தானாகப் போகும். பின்பக்கம் இருக்கிற சின்ன மூச்சுத் துளையை மட்டும் சிலிகான் வைத்து அடைத்துவிடாதே, போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போய்விடும். வாட்டர் சர்வீஸ் பையனிடம் மீட்டர் பக்கம் பிரஷர் அடிக்க வேண்டாம் என்று சொல். சொன்னாலும் அடிப்பான், துணியைக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே நில்.

இன்னொன்றையும் பார்த்துவிடு. இன்ஜினை ஏற்றிப் பிடித்துப் பேட்டரியில் அளந்தால் 14, 14.5 வோல்ட் வரவேண்டும். 15-க்கு மேலே போனால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கெட்டிருக்கிறது. அதுதான் உண்மையிலேயே மீட்டரைக் கொல்லும்.

முட்டி எப்படி இருக்கிறது? நின்று ஓட்ட ரைசர் போட்ட மனிதர் முட்டிக்கு வைத்தியம் பார்த்தாரா என்று உன் மனைவி என்னிடம் போனில் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், காப்பாற்று.

நான் கழற்றிய பழைய மீட்டர், நன்றாக வேலை செய்கிற மீட்டர், 31,406 கிலோமீட்டரோடு அலமாரி மேல் தூங்குகிறது. நீ அளந்தும் எர்த் சரியாக இருந்தால் அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாமக்கல் வருகிறேன், மாட்டிப் பார்த்துவிடலாம். எர்த்தான் என்றாலும் வருகிறேன். சோளக்காட்டில் அன்னாசி வாங்கித் தருகிறேன் என்று போன வருடமே சொன்னாய்.

ஹேண்டில் நேராக இருக்கும்போது எத்தனை, இடதுபக்கம் திருப்பினால் எத்தனை? இந்த இரண்டு எண்ணை மட்டும் அளந்ததும் அனுப்பு. அதற்கு வாட்ஸ்அப்பே போதும்.

என்றும் உன்,
பழைய ரூம்மேட்